சனிக்கிழமைத் தபால்

ஹார்வி வேல், கரியாக்கூ தீவு
6 பிப்ரவரி 1988

அன்புள்ள எல்மைரா,

மழையில்லை. தொட்டித் தண்ணீரை அளந்துதான் எடுக்கிறேன். உன் அக்கா இஸ்மே, பக்கத்து வீட்டு சூலாவின் கனவில் மறுபடியும் வந்திருக்கிறாள். இது மூன்றாவது முறை. நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சூலா ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்:

"வாத்தியாரே! ஒம் பொண்டாட்டி தலைக்குக் கல்லு கேட்டு எங்கிட்ட வந்து அழுவுறா. நீ அந்தக் கல்லக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டு மேல படுத்துக் கொறட்ட விடு!"

நான் குறட்டை விடுவதில்லை. தூங்கினால்தானே. படகு கட்டும் காஸ்மோவின் கனவிலும் இஸ்மே வந்தாளாம். அவள் இறந்த இந்த ஒன்பது வருடத்தில் என்னிடம் ஒரு தடவைகூட வரவில்லை.

அவள் கல்லறையில் கல் நட்டுக் கொடுக்கும் கல் விருந்துக்கு ஏப்ரல் 16 என்று நாள் குறித்துவிட்டேன். மேளக்காரர்களிடம் சொல்லியாகிவிட்டது. முதலில் இறந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் மன்னிப்புப் பாட்டு. இறந்தவளுக்கு நெருங்கியவர் ஆட்ட வட்டத்துக்குள் மண்டியிட வேண்டும். என் முழங்கால் சரியில்லை. எனக்குப் பதில் நீ மண்டியிடுவாயா?

உன் அத்தான்,
லூஷியன்

புரூக்ளின்
27 பிப்ரவரி 1988

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் முழங்காலைப் பற்றி எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்றே ஆட வராமல் அதையேதான் காட்டினீர்கள். அக்கா சிரித்துக்கொண்டே தனியாக ஆடினாள்.

கோழி எத்தனை, ஆடு எத்தனை என்று எழுதுங்கள். முன்னோருக்கு வைக்கும் தட்டில் துவரை போட்ட சோறு நிறைய இருக்கட்டும், அவளுக்குப் பிடிக்கும்.

வருகிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவள் நோயில் விழுந்தபோது, இங்கே ஆஸ்பத்திரியில் இடம் பார்த்து, டிக்கெட்டும் வைத்து எழுதினேனே. ஒரு வரி பதில் இல்லை. அந்தக் கோபத்தில்தான் அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை. என் கனவிலும் வருகிறாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் என்ன சொன்னாள், அத்தான்? அதைச் சொல்லிவிடுங்கள், நான் சந்தோஷமாக மண்டியிடுகிறேன்.

பிரியத்துடன்,
எல்மைரா

ஹார்வி வேல்
19 மார்ச் 1988

எல்மைரா,

இது ஆறாவது தாள். ஐந்தைக் கிழித்துவிட்டேன்.

அவள் படிக்கவில்லை. நான் கொடுக்கவில்லை.

சனிக்கிழமைக் கப்பலில் வந்தது. தபால் நிலையத்தில் நான்தான் வாங்கினேன். வழியிலேயே பிரித்துப் படித்தேன். போனால் திரும்பி வர மாட்டாள் என்று பயந்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்று பள்ளி வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன். இருபத்துமூன்று நாள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளால் எழுந்து உட்காரக்கூட முடியாமல் போயிற்று.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்பாள்: "எல்மைராகிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சா?"

"கப்பல் லேட்டு" என்பேன்.

உன்னிடம் அவளுக்குக் கோபமே இல்லை. காத்துக்கொண்டுதான் இருந்தாள். நீ மண்டியிட வேண்டியதில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

லூஷியன்

ஹார்வி வேல்
7 மே 1988

எல்மைரா,

உன் பதில் வரவில்லை. ஆனாலும் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

கல்லைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, ரம் தெளித்து, ஆறு பேர் சுமந்து போய் நட்டார்கள். அதன் பிறகு மேளம். நடு வட்டத்தை இறந்தவர்கள் வந்து ஆடுவதற்காகக் காலியாக விட்டிருந்தார்கள். மன்னிப்புப் பாட்டு தொடங்கியதும் உள்ளே போய் மண்டியிட்டேன். பாட்டு முடிந்தும் எழவில்லை. சட்டைப் பையிலிருந்து உன் பழைய கடிதத்தை எடுத்தேன்.

"வாத்தியாரு வருகைப் பதிவு எடுக்கப் போறாருடோய்" என்றான் காஸ்மோ. சிரித்தார்கள்.

சத்தமாகப் படித்தேன். "அத்தானைக் கேட்டுக்கொண்டு நிற்காதே அக்கா, கிளம்பி வா. என் குளிர்கோட்டு உனக்குச் சரியாக இருக்கும்" என்ற இடத்தில் சிரிப்பு நின்றது. இது எப்போது வந்தது, எங்கே இருந்தது என்பதையும் சொன்னேன். அன்று முதல் சூலா வேலிப் பக்கமே வருவதில்லை.

உன் கடிதத்தை அவளிடம் சேர்த்துவிட்டேன். இஸ்மே இன்னும் என் கனவில் வரவில்லை. சூலாவிடம் வந்தாளா என்று கேட்கவும் வழியில்லை.

இன்று சனிக்கிழமை. கப்பல் வந்ததும் தபால் நிலையத்துக்குப் போய், "எல்மைராகிட்டருந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டேன். அங்கிருக்கும் பெண் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தே காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமையும் போவேன்.

லூஷியன்