கட்டிலுக்குக் கீழை

பீல், சுவிஸ், 12.8.1996

தங்கச்சிக்கு,

கிளறன்ஸின்ரை கல்லறைப் படம் கேட்டிருந்தாய். கல்லறை இல்லை. உன்ரை பிள்ளையை மணலுக்கைதான் தாட்டனாங்கள். காய்ச்சலிலை செத்தவன் எண்டு என்ரை மகன் றேமன்ட் போனிலை சொன்னதும் பொய்.

மொறோக்கோப் பாலைவனத்துக்குள்ளாலை கட்டிலும் அடுப்பும் வைச்ச வான் வண்டியிலை சுவிஸுக்கு வர வெளிக்கிட்டனாங்கள். கிழவி இருந்தால் பொலிஸ் சோதிக்காது எண்டுதான் றேமன்ட் என்னைக் கொண்டுபோனவன். விசா இல்லாத கிளறன்ஸைக் கட்டிலுக்குக் கீழை பெட்டிக்குள்ளை படுக்கவிட்டிட்டு, மேலை நான் செபமாலையோடை இருந்தன்.

மத்தியானம் பொலிஸ் மறிச்சுது. றேமன்டை இறக்கி, கொதிக்கிற வெயிலிலை இரண்டு மணித்தியாலம் விசாரிச்சாங்கள்.

கீழை தட்டுற சத்தம் கேட்டது. "பெரியம்மா, மூச்சு முட்டுது. திறவுங்கோ."

"பொறு ராசா, சத்தம் போடாதை" எண்டன்.

ஒரு பொலிஸ்காரன் பாவம் பாத்துத் தண்ணி தந்தான். நான் குடிச்சன். பிறகு தட்டுற சத்தம் இல்லை. சொல்வழி கேட்டுக் கிடக்கிறான் எண்டு நினைச்சன்.

என்ரை மனுசன்ரை செத்தவீட்டுக்கு நீ வரேல்லை. அதை நான் இண்டைக்கும் மறக்கேல்லை. அந்தக் கோவத்திலைதான் திறக்கேல்லை எண்டு நினைப்பாய். இல்லையடி. றேமன்டைப் பிடிச்சு மறியலிலை அடைச்சுப்போடுவாங்கள் எண்ட பயம். என்ரை பிள்ளையைத்தான் பாத்தன்.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதேல்லை. உன்ரை இடத்திலை நானெண்டால் மன்னிக்கமாட்டன்.

உன்ரை அக்கா