குதிரையின் கால்கள்

ஜூலை 3, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நீ கல்யாணமாகி மலைக்குப் போனதிலிருந்து உன் பின்னறை காலியாகக் கிடக்கிறதாம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை என் கட்டிலை மாடியிலிருந்து அங்கே இறக்கப்போகிறார் அப்பா. அந்தக் கதவைத் திறந்தால் கடல். சில நாள் திறக்காமலே கடல்.

கடல் ஏறுகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "கடல் ஏறலடி, கதவு ஊறிப் பெருத்திருக்கு" என்று இழைப்புளியை எடுத்து அடியைச் சீவிவிட்டார். தெருவில் எல்லாக் கதவையும் அவர்தான் சீவுகிறார். தச்சு வேலைக்கு இப்போது நல்ல காலம். தண்ணீர் வந்தால் முதலில் டீச்சரம்மா வீட்டுக்குத்தான் என்கிறார் டெய்லர் மாமா. டெய்லர் வீடுதான் பள்ளம் என்கிறார் டீச்சரம்மா. நேற்று பின்கதவுக்கு அடியில் ஒரு நண்டு குனியாமல் உள்ளே வந்தது.

என்னை மாடியிலேயே விடச் சொல், அக்கா.

உன் வாலு

ஜூலை 9

செல்ல வாலுக்கு,

நான் சிரித்த சிரிப்பில் உன் அத்தான் பயந்துவிட்டார். கல்யாணம் வரைக்கும் அந்த அறையில்தானே தூங்கினேன், என்னை எந்த நண்டு தூக்கிப்போனது? பயமாக இருந்தால் கதவின் அடியில் பார். சின்ன வயதில் அப்பாவின் உளியைத் திருடி, உள்ளங்கை அளவு ஒரு குதிரை செதுக்கியிருக்கிறேன். அதற்காக வாங்கிய அடி இன்னும் வலிக்கிறது. அது உனக்குக் காவல் இருக்கும்.

அக்கா

ஜூலை 16, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

குதிரையைப் பார்த்தேன். தலை மட்டும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே கதவே இல்லை.

சாப்பிடும்போது குதிரையின் கால் எங்கே என்று அப்பாவிடம் கேட்டேன். "படுத்திருக்கும்" என்றார். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டுப் போய்க் கதவருகே குந்தினார். குதிரையின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்து வைத்து அளந்தார்.

ஞாயிறன்று என் கட்டில் இறங்கவில்லை. அப்பா அம்மா கட்டிலும் உளிப்பெட்டியும்தான் மாடி ஏறின. காற்றுக்காகவாம். மறுநாள் டெய்லர் மாமாவின் மெஷினுக்கும் காற்று வேண்டியிருந்தது, மாடிக்கு ஏற்றிவிட்டார். டீச்சரம்மா இரண்டு வீட்டையும் பார்த்துச் சிரித்தார். இன்று அவர் பீரோவைத் தூக்க ஆள் தேடுகிறார்.

அப்பா தூங்கிவிட்டார் என்று நினைத்துத்தான் டார்ச்சைப் போட்டேன். கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அக்காவுக்குத்தானே எழுதுற? அவ ஊர்ல கதவெல்லாம் சரியா மூடுதான்னு கேளு."

மூடுகிறதா, அக்கா?

உன் வாலு