அம்மா முடித்து வைக்காத வாக்கியம்

பிப்ரவரி 3, செவ்வாய்

சாப்பிடும்போது "எனக்கு வே—" என்றேன். "வேணுமா? இந்தா" என்று அம்மா இன்னொரு கரண்டி வைத்துவிட்டாள். நான் சொல்ல வந்தது வேணாம். மறுக்க இன்னொரு வாக்கியம் தொடங்க வேண்டுமே என்று தின்று தீர்த்தேன். திக்குவாய்க்காரிக்கு உடம்பு வைப்பது இப்படித்தான்.

எழுதும்போது எனக்குத் திக்குவதே இல்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு வாயாடுகிறேன்.

அம்மா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். "தாமதத்துக்கு வருந்துகிறோம், பயணிகள் தயவுசெய்து காத்திருக்கவும்" என்று ஊருக்கே சொல்லும் குரல் அவளுடையது. என் வாக்கியத்துக்கு மட்டும் அவளால் காத்திருக்க முடியாது.

பிப்ரவரி 8

சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மொழிகள் படிக்கப் போகிறேன் என்று. நான்கு வருடம், இரண்டு மொழி. பள்ளியில் படித்த பிரெஞ்சு ஒன்று. இன்னொன்று ஸ்பானிஷ், அரிச்சுவடியிலிருந்து. மூன்றாம் வருடம் வெளிநாட்டிலேயே போய் இருந்து படிக்க வேண்டும்.

ஏன் ஸ்பானிஷ்? கால்பந்து வர்ணனை கேட்டுத்தான். அந்த மனுஷர் மூச்சு விடாமல் பேசுகிறார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

"கணக்கு படிம்மா," என்றாள் அம்மா. "அதுன்னா நீ பாட்டுக்கு உக்காந்து வேலை பாக்கலாம். இது வாயால பொழைக்கிற படிப்பு. நாலு பேர் சிரிச்சா தாங்குவியா?"

நான் தாங்குவேன். அவள்தான் தாங்கமாட்டாள். அதைச் சொல்ல 'தா' வரவில்லை. எழுந்து போய்விட்டேன்.

அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான். "முதல் கோட்டு காயட்டும், அப்புறம் பேசலாம்" என்றார்.

பிப்ரவரி 11

காய்ந்தது. பல்கலைக்கழக நேர்முகத் தேர்வில் பிரெஞ்சிலேயே பேச வேண்டும். தேறினால் என் இஷ்டம். இல்லாவிட்டால் கணக்கு. அம்மாவும் நானும் கை குலுக்கிக்கொண்டோம்.

பிப்ரவரி 20

பிரெஞ்சு டீச்சர் இன்று நிறுத்திக் கேட்டார்: "ஒரே விஷயத்தைச் சொல்ல உனக்கு மட்டும் எப்படி இத்தனை வார்த்தை தெரியுது?"

வராத எழுத்து எதிரே வந்தால் பக்கத்துச் சொல்லுக்குத் தாவிவிடுவேன், அவ்வளவுதான். தாவித் தாவி ஒவ்வொன்றுக்கும் நாலு சொல் கையிருப்பில் இருக்கிறது. வகுப்பிலேயே என்னிடம்தான் சொல் அதிகம் என்றார். வரும் வழியெல்லாம் தலைகால் புரியவில்லை எனக்கு.

மார்ச் 2

நேர்முகத்துக்கான பயிற்சியில் டீச்சர் கேட்டார், அப்பா என்ன செய்கிறார்? பிரெஞ்சில் பெயிண்டருக்கான சொல்லும் 'ப'வில்தான் தொடங்கும். 'ப' எனக்குப் பூட்டிய கதவு. தோட்டக்காரர் என்று சொல்லிவிட்டேன், அது வழுக்கிக்கொண்டு வரும். என்ன பூ வளர்க்கிறார் என்று அவர் விடாமல் கேட்க, நான் ஒரு தோட்டமே போட்டுக் கொடுத்தேன்.

சிரிப்பாரே என்று அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். பிறகு விரலில் காய்ந்திருந்த வெள்ளையைச் சுரண்டிக்கொண்டே, "நம்ம வேலையைச் சொல்ல வரலைன்னா பரவால்லம்மா" என்றார்.

சுருக்கென்றது. என் வசதிக்காக அப்பாவையே மாற்றிவிட்டேனா?

மார்ச் 3

இனித் தாவுவதில்லை. வராவிட்டால் நிற்பேன். நின்றால் என்ன? ரயிலே நிற்கிறது.

மார்ச் 17

நேர்முகம்! அம்மாவும் கூட வந்தாள். வாசலில் இருந்தவர் என் பெயரைக் கேட்டார். அம்மா சொன்னாள். எந்தப் பாடம் என்றார். அதையும் அம்மாவே சொன்னாள். நல்லவேளை, உள்ளே அவளை விடவில்லை.

உள்ளே இரண்டு பேர். கண்ணாடி போட்ட அம்மையார் எடுத்த எடுப்பில் அதையே கேட்டார்: அப்பா என்ன செய்கிறார்?

தோட்டக்காரர் நாக்கு நுனியில் வந்து நின்றார். ஐயா, நீங்கள் கிளம்புங்கள் என்று மனதுக்குள் சொன்னேன். ப. ப. ப— தாடை இறுகிவிட்டது. அந்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்துத் தரவில்லை.

வந்தது. பெயிண்டர்.

அப்புறம் என்னை யார் பிடிப்பது! பழைய சுவரை உப்புத்தாளால் தேய்ப்பது, விரிசலை அடைப்பது, கோட்டு காயும்வரை தொடாமல் இருப்பது— எல்லாம் சொன்னேன். ஒரு சொல் விடாமல் எல்லா இடத்திலும் திக்கினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு தடவை சிரித்தார்கள். அது நான் வேண்டுமென்றே சொன்ன ஜோக்குக்கு. பிரெஞ்சில்! கர்வமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

வெளியே வந்ததும் அம்மா, "ரொம்ப தி—" என்று கேட்க ஆரம்பித்து, சங்கடப்பட்டு நிறுத்தினாள்.

இந்தத் தடவை நான் முடித்து வைத்தேன். "தி... திக்கினேன்மா. ந... நல்லா திக்கினேன்."

மார்ச் 18

பெயிண்டர் என்றே சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். பிரெஞ்சில் எப்படி என்று கேட்டுக்கொண்டார். குளியலறைக்குள் சொல்லிப் பார்க்கிறார், வெளியே கேட்கிறது. உச்சரிப்பு சகிக்கவில்லை.

ஏப்ரல் 6

இன்னும் ஒன்றும் வரவில்லை. அம்மா கணக்கைப் பற்றி வாயே திறப்பதில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 10

கிடைத்துவிட்டது! போனில் பார்த்த கையோடு ரயில் நிலையத்துக்கு ஓடினேன். அம்மா அறிவிப்பு அறையில், மைக்கின் முன்னால், கையைப் பொத்தானில் வைத்திருந்தாள். அடுத்த ரயில் சிக்னலைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அம்மா, எனக்கு இ—"

மாட்டிக்கொண்டது. அவளுக்குத் தெரிந்திருக்கும், என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு, நாற்காலியோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். நான் இன்னும் 'இ'யிலேயே இருந்தேன். ரயில் கிளம்பிப் போயிற்று. அம்மா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இ... இடம் கிடைச்சிருச்சு."

"அப்படியா!" என்றாள், ஒன்றுமே தெரியாதவள் மாதிரி. அப்புறம் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஏப்ரல் 11

நிலைய அதிகாரி அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தாராம். இத்தனை வருடத்தில் அறிவிப்பே இல்லாமல் ஒரு ரயில் வந்து போனது இதுதான் முதல் தடவை, என்ன காரணம் என்று.

"என் பொண்ணு பேசிட்டிருந்தா சார்" என்றாளாம்.