ரேவதி கொடுத்த மார்பின்

8-8-2003, வெள்ளி

எலும்பில் பரவிய புற்றுநோய் இவரை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. வேலூரில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் ரேவதி, டாக்டர் எழுதிக் கொடுத்த மார்பின் மாத்திரையோடு இன்று ஆரணிக்கு வந்தாள். தறியிலிருந்து எழுந்து வந்த கொழுந்தனார் தடுத்தார்.

"அபின்மா அது! அண்ணன் அடிமையாயிடுவாரு."

"வலிய உணர்ற நரம்பு செல்லுல இது போய் ஒட்டிக்கும், சித்தப்பா. அது மூளைக்குச் சேதி அனுப்பறது கொறஞ்சிடும். நரம்பு சாவாது. டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா பயமில்ல. அப்பா துடிச்சிகினே கெடக்கணுமா?"

அவர் தறிக்கே திரும்பிப் போனார். இவள் என் வயிற்றில் பிறந்தவளா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நோய் போகாது, தெரியும். ஆனாலும் சாயங்காலம் இவர் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். சாப்பிட்டு முடித்து மகளிடம், "அடுத்த மாத்திரை எப்ப, சிஸ்டர்?" என்றார்.

நர்ஸ் படிப்பே வேண்டாமென்று அன்று சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்த மனுஷன்.