கிணறு குடிக்கவில்லை என்று நீதான் சொன்னாய்

மச்சான்,

மாங்குளத்தில் எங்கள் பக்கத்து வளவில் இன்று குழாய்க்கிணறு அடிக்கிறார்கள். டீசல் புகையோடு ஈரச் சேற்றின் மணம் உள்ளே வந்தது. தேத்தண்ணீரை வைத்துவிட்டு எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினேன். பயத்தால் அல்ல, கோபத்தால்.

வளைகுடாப் பாலைவனத்துக்கு எண்ணெய்க் கிணறு தோண்ட நாம் ஒன்றாகப் போனோம். அந்த வேலை என்னைவிட உனக்குத்தான் முதலில் பிடிபட்டது. கிணறு நிறையக் கனமான சேறு நிற்க வேண்டும். அதன் பாரம்தான் அடியிலுள்ள வாயுவை எழும்ப விடாமல் வைத்திருக்கிறது. "கீழ இருக்கிறது தள்ளும், மேல இருக்கிறது அமத்தும். ரெண்டும் சரியா நிண்டாத்தான் நாங்கள் வீட்டை போவம்" என்பாய்.

அன்று குழாய்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தோம். இழுத்த குழாய் விட்ட இடத்தை நிரப்பத் தொட்டியிலிருந்து சேறு போக வேண்டும். தொட்டியைப் பார்ப்பது உன் பொறுப்பு. குழாய்கள் வந்துகொண்டேயிருந்தன, தொட்டியில் சேறு குறையவில்லை. அந்த இடத்தை அடியிலிருந்து வேறு ஏதோ நிரப்பிவிட்டது.

"மச்சான், கிணறு குடிக்குதில்லை" என்றாய்.

மேற்பார்வையாளனிடம் ஓடினாய். நிறுத்துங்கள், கிணற்றின் வாயை மூடிப் பார்ப்போம் என்று உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கெஞ்சினாய். தொட்டியின் அளவுகோல் பழுது, வேலை பிந்துகிறது என்றான் அவன். எதிர்த்துக் கதைத்ததற்காக உன்னைக் கிணற்றின் மேல் நின்ற இரும்புக் கோபுரத்தின் உச்சிப் பலகைக்கு ஏறச் சொன்னான். ஏறுமுன் என்னைப் பார்த்தாய்.

"நீயாவது சொல்லடா."

நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

முதலில் சேறு சீறியது, பிறகு வாயு, பிறகு நெருப்பு. கிணற்றின் வாயை மூடும் அடைப்பானை மூடியபோது பிந்திவிட்டது. கீழே நின்றவர்கள் ஓடினோம். உனக்கு ஓட இடமிருக்கவில்லை.

தொட்டியைக் கவனித்தவரின் அசட்டையே காரணம் என்று கம்பனி அறிக்கை எழுதியது. அதன் அடியில் நானும் கையெழுத்து வைத்தேன். வாசித்துவிட்டுத்தான் வைத்தேன், மச்சான்.

நான் ஊர் திரும்பியபோது, உருத்திரபுரத்தில் உன் மனைவி கம்பனி அனுப்பிய கடிதத்தை என் முன்னால் வைத்தாள். "அண்ணை, இவர் கவனிக்காமல் விட்டதாலதானாம். உண்மையோ?"

"பொய் தங்கச்சி. முதல் கண்டதும் அவன்தான், சொன்னதும் அவன்தான். பேசாமல் நிண்டது நான்."

"அப்ப ஏன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

அவள் கொப்பியையும் பேனையையும் கொண்டுவந்தாள். "நடந்ததை எழுதித் தாங்கோ. மகள் வளந்து கேட்டால் காட்டவேணும்." எழுதி, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். கம்பனிக்கும் ஒன்று அனுப்பினேன். பதில் வரவில்லை. பிறகு ஒருவரும் என்னை வேலைக்குக் கூப்பிடவுமில்லை.

இப்போது கிளிநொச்சியில் ஓர் அரிசி ஆலையில் கொதிகலன் பார்க்கிறேன். போன மாதம் அழுத்தமானி சிவப்புக் கோட்டைத் தாண்டியும் மிஞ்சிய ஆவியை வெளியே விடும் திறப்பான் எழும்பவில்லை. அடுப்பு நெருப்பை அணைத்து, நெல் அவிக்க நின்ற பெண்களை வெளியே அனுப்பினேன். முதலாளி கத்தினார்.

"ஒண்டுமில்லை, மூட்டும்! இல்லாட்டி வீட்டை போம்!"

"போறன். ஆனா இதைத் திருத்தாமல் ஒருத்தரையும் மூட்ட விடமாட்டன்."

கழற்றிப் பார்த்தபோது திறப்பான் துருவேறி இறுகிக் கிடந்தது.

கோபத்தை விட்டுவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். விடமாட்டேன். நீ கேட்டபோது திறக்காத வாயை, இப்போது அதுதான் திறக்க வைக்கிறது.