தரங்கம்பாடியில் என் பக்கம் நகர்ந்த எறா

என் உசுரான அக்கா,

தரங்கம்பாடியிலிருந்து எழுதுகிறேன். லாட்ஜ் மாடியில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே கடல். முகம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. நீ பார்த்திருந்தால் "பூசணிக்கா மாதிரி ஆயிட்டியேடி" என்று சிரித்திருப்பாய்.

மஞ்சள்காமாலையில் நீ போய்ப் பதினோரு மாதம். தை பிறந்ததும் செட்டிகுளம் மலைக்கோயிலில் மாமா எனக்குத் தாலி கட்டுவதாகப் பேச்சு. "உம் புருசன் நல்லவன், பாப்பாவ வேற எவ கையிலயோ குடுக்க முடியுமா?" என்று உன்னிடம் கேட்பதுபோல உன் படத்தைப் பார்த்துக் கேட்கிறார் அப்பா. நாலு வயசுப் பிள்ளை என் தாவணியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரெண்டு பேரும் பேசிப் பழகட்டும் என்று அம்மாதான், ரெட்டிபாளையம் பேக்டரியில் மாமாவை லீவு போடச் சொல்லி எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். ஊரைச் சொன்னது மாமா. கல்யாணமான புதுசில் உன்னை இங்கேதான் கூட்டிவந்தார். தனியாகப் போக வெட்கப்பட்டு என்னையும் இழுத்து வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு அவர் என் இலையில் எறா வைக்க வந்தபோது கையைத் தட்டிவிட்டாய். "அவளுக்கு ஆவாதுங்க, மூஞ்சி வீங்கிடும்" என்று உன் தயிர்சோற்றை எனக்குத் தள்ளினாய்.

நேற்று மதியம் அதே ஹோட்டல். மாமா என்னைக் கேட்காமலே சொன்னார்: "எறா வறுவல் ஒண்ணு, காரம் தூக்கலா. எலுமிச்சம்பழம் தனியா குடுங்க." அக்கா, அது நீ சாப்பிடுகிற மாதிரி. தட்டை என் பக்கம் நகர்த்தி, "சாப்புடு சாந்தி" என்றார், அவ்வளவு ஆசையாக. நான் வாய் திறப்பதற்குள் அம்மா மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளினாள்.

"ஆசையா வாங்கிக் குடுக்குறாரு. பேசாம தின்னு."

தின்றேன். காபி வருவதற்குள் உதடு தடித்து, கண் மூடிக்கொண்டது. பாப்பா பயந்து அலறியது. மாமா பதறிப்போய் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனார். ஊசி போட்டு வெளியே வந்ததும், "ஆவாதுன்னு தெரியுமில்ல? ஏன் சொல்லல?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ரோட்டைப் பார்த்தாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீங்க எனக்கா வாங்குனீங்க மாமா? எங்கக்காவுக்குல்ல வாங்குனீங்க."

அவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். நீ போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பாவம், கெட்டவர் இல்லை அக்கா. ஆனால் ஆயுசு முழுக்க உன் தட்டில் நான் எப்படிச் சாப்பிடுவேன்? அம்மா எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், பாப்பாவை நான் கைவிடப் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். நான் பாப்பாவைக் கைவிடுவேன் என்று நீயும் நினைக்கிறாயா?

நாளைக்கு ஊருக்குப் போனதும் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுவேன். பெரிய ரகளை நடக்கும், நடக்கட்டும். பாப்பாவுக்குத் தலை பின்னிவிட, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட நான் இருப்பேன், சத்தியம். எனக்கு ஆகாததை ஆகாது என்று சொல்ல அன்றைக்கு நீ இருந்தாய். இனிமேல் நானே சொல்லிக்கொள்வேன்.

உன் தயிர்சோற்றைத் தின்ற தங்கச்சி,
சாந்தி