நீ அனுப்பின டிவிடி பெட்டி

சாலை, திருவனந்தபுரம்
11.7.2004

அன்பு மகன் செல்வமணிக்கு, அப்பா எழுதுவது. பழவங்காடிப் பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். மழை வந்தால் அம்மாவுக்கு முழங்கால் வலி கூடுகிறது, நீ அனுப்பின தைலம் தீர்ந்துவிட்டது. வேலையை விட்டு வந்து நம் வாடகை சிடி கடையைப் பார்த்துக்கொள்ளப் போவதாகவும், வருகிற ஒன்றாம் தேதி ராஜினாமா கொடுப்பதாகவும் நீ எழுதின கடிதம் கிடைத்தது. அதற்குத்தான் இந்தப் பதில், பொறுமையாகப் படி.

உன் கூட வேலை பார்க்கிற ராஜையன் லீவில் வந்தபோது நீ கொடுத்தனுப்பின டிவிடி பெட்டியை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கடையில் வைத்தேன். டிவிடி வந்தால் சிடி ஒழிந்தது என்று சாலைக் கடைத்தெரு முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஒரே கோபம். இந்தப் பெட்டியிலும் நம் சிடி ஓடும், பின்னே எப்படி ஒழியும் என்று காட்டிவிட நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி சிடியைப் போட்டேன், ஜோராக ஓடியது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வித்தியாசம் ஒன்றுமில்லை பாருங்கள் என்று ராஜையன் தந்த டிவிடியில் அதே படத்தையும் போட்டேன், புத்தி கெட்டவன். கதாநாயகி நெற்றியில் வியர்வைகூடத் தெரிகிறது, பாதிப் படத்தில் எழுந்து இரண்டாவது டிஸ்க் மாற்றவும் வேண்டாம். படம் முடிந்ததும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அரிசிக் கடை யூசுப் மட்டும் போகும்போது, அண்ணாச்சி, இனி இது மதியல்லோ, இதுவே போதுமே, மற்றது எதுக்கு என்று மெதுவாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வாடகைக்குப் படம் எடுக்கிற மனுஷன், அதற்குப் பிறகு நம் கடைப் படி ஏறவில்லை.

இப்போது வருகிறவர்கள் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார்கள், வேறு எடுப்பதில்லை. போன வாரம் கல்லாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், வழியில் ஒரு பயறுத் தோட்டத்தில் கிளி விரட்டுவதற்குக் கயிற்றில் சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன், என் கையெழுத்தில் நம் கடை நம்பர். டிவிடியே வாங்கி வைக்கலாமே என்று நீ சொல்வாய். டிஸ்க் கொண்டுவந்து போடுகிற ஸ்ரீகண்டன் சொல்கிறான், ஜப்பானில் அதற்கும் மேலே ஒன்று வந்தாயிற்றாம், டிவிடி எத்தனை நாளைக்கோ என்று. கேசட்டை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நான் சிடிக்கு மாறி ஆறு வருஷம்கூட ஆகவில்லை. இது ஒரு தடவையோடு நிற்காது மகனே, எனக்குப் பயமாக இருக்கிறது.

வா வா என்று வருஷக்கணக்காக உன்னை நச்சரித்தவன் நான்தான், அதே வாயால் சொல்கிறேன், வராதே. ராஜினாமா கொடுக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு, ஏசியில் தலையை நனைத்துக்கொண்டு படுக்காதே. நேற்றும் உன் பேரில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்று மட்டும் மறக்காதே. அம்மா உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லிவிட்டாள். இது கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, கம்பெனியில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு. நான் எழுதினது தெரிய வேண்டாம். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
பகவதிப்பெருமாள்